உதவி கோச் எங்கிருந்து வருகிறார்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அணிகளில் உதவிப் பயிற்சியாளர்கள் சிலர் அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவரைவிட அதிகச் சம்பளம் வாங்குகிறார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அவ்வளவுதான், நாகர்கோவிலிலிருந்து நீரோடி வரை கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே. ஒரே ஒரு விஷயம் முதலில்: கீழே ஃபுட்பால் என்று வருமிடமெல்லாம் ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டைவடிவப் பந்தைக் கையில் தூக்கி ஓடும் அமெரிக்க ஆட்டம். நம்மூர் ஆட்டத்தைக் கால்பந்து என்றே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் அலபாமா மாநிலத்தில் எம்.எஸ். படிக்கிறான். சனிக்கிழமை ஆனால் ஊரே ஸ்டேடியத்துக்குப் போய்விடுகிறது, உதவி கோச்சுக்கே கோடிக்கணக்கில் சம்பளம் என்கிறான். அந்த வேலைக்கு என்ன படித்திருக்க வேண்டும்? எங்கிருந்து ஆள் எடுக்கிறார்கள்?
- ஒரு தகப்பனார், மார்த்தாண்டம்

பதில்: படிப்பு என்று கேட்டால் ஏதாவது ஒரு டிகிரி, அவ்வளவுதான். வரலாறு படித்தவரும் உண்டு, வணிகம் படித்தவரும் உண்டு. கால்பந்தில் படிப்படியாக லைசென்ஸ் வாங்க வேண்டும் அல்லவா, அந்த மாதிரி லைசென்ஸ் எதுவும் அங்கே கல்லூரி ஃபுட்பாலில் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு ஏணி இருக்கிறது. அடிப்படியில் கிராஜுவேட் அசிஸ்டென்ட். முதுகலை படித்துக்கொண்டே அணியில் வேலை பார்க்கும் பையன், படிப்புக் கட்டணத்தைப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளும், கைச்செலவுக்கு ஏதோ கொஞ்சம் கிடைக்கும். அதற்கு மேலே குவாலிட்டி கன்ட்ரோல், அனலிஸ்ட் என்ற பெயரில் ஆட்டங்களை அலசும் வேலைகள். அப்புறம்தான் ஒரு குறிப்பிட்ட வரிசை ஆட்டக்காரர்களுக்கு மட்டும் பொறுப்பான கோச். அதற்கும் மேலே தாக்குதல் ஆட்டம் முழுவதற்கும் ஒருவர், தடுப்பாட்டம் முழுவதற்கும் ஒருவர், இவர்களைக் கோஆர்டினேட்டர் என்பார்கள். உங்கள் மகன் சொன்ன கோடிக்கணக்கு இந்த இடத்தில்தான். பெரிய அணிகளில் சில கோஆர்டினேட்டர்கள் ஆண்டுக்கு 20 லட்சம் டாலருக்கு மேலேயே வாங்குகிறார்கள்.

அடிப்படியில் இருக்கும் அந்தப் பையனின் ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகும் தெரியுமா? சனிக்கிழமை ஆட்டம் முடிந்திருக்கும், அடுத்த வாரம் மோதப்போகும் அணியின் பழைய ஆட்டங்களின் வீடியோ கணினியில் காத்திருக்கும். பத்து கெஜம் முன்னேற நாலு வாய்ப்பு என்பதுதான் அந்த ஆட்டத்தின் கணக்கு. ஒரு ஆட்டத்தில் ஒரு அணி சுமார் 60, 70 தடவை பந்தை எடுத்து ஆடும். ஒவ்வொரு தடவைக்கும் இது எத்தனையாவது வாய்ப்பு, இன்னும் எத்தனை கெஜம் பாக்கி, பந்து மைதானத்தின் எந்தப் பக்கம் வைக்கப்பட்டது, யார் யார் எங்கே நின்றார்கள், ஓடினார்களா எறிந்தார்களா என்று ஒன்றுவிடாமல் பதிந்து தனித்தனித் துண்டாக வெட்டி வைக்க வேண்டும். அது முடிந்ததும் எதிரணியின் ஆட்ட முறைகளைத் தடித்த பேனாவில் அட்டை அட்டையாக வரைய வேண்டும். செவ்வாய்க்கிழமை பயிற்சியில் அந்த அட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பார், மாற்று ஆட்டக்காரர்கள் அதைப் பார்த்து எதிரணி மாதிரியே ஓடிக் காட்டுவார்கள், முதல் அணி அதை எதிர்த்துப் பழகும். இதற்கு நடுவே யாரையாவது விமான நிலையத்திலிருந்து கூட்டி வரச் சொன்னாலும் இவர்தான் வண்டி எடுக்க வேண்டும்.

நிக் சேபன் பெயரை உங்கள் மகன் கட்டாயம் கேட்டிருப்பான். தலைமைப் பயிற்சியாளராக 7 தேசியப் பட்டம் வென்றவர், அதில் 6 அலபாமாவில். அவரும் 1973-ல் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இப்படி கிராஜுவேட் அசிஸ்டென்ட்டாகத் தொடங்கியவர்தான். கோச் ஆக வேண்டும் என்ற கனவெல்லாம் அப்போது இல்லை. மனைவிக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது, அதுவரை அதே ஊரில் இருக்க ஒரு காரணம் வேண்டும், அவருடைய கோச் டான் ஜேம்ஸ் கூப்பிட்டார், சேர்ந்துவிட்டார். தலைமைப் பயிற்சியாளர் நாற்காலி கிடைத்தது 1990-ல், டொலிடோ பல்கலைக்கழகத்தில். நடுவே பதினேழு வருடம் ஊர் ஊராக உதவியாளர் வேலை.

ஆள் எடுப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். விளம்பரம் என்று ஒன்று ஒப்புக்கு வரும். நிஜத்தில் தலைமைப் பயிற்சியாளர் தனக்குத் தெரிந்தவரை எடுக்கிறார், அல்லது தெரிந்தவருக்குத் தெரிந்தவரை. ஒவ்வொரு ஜனவரியிலும் பயிற்சியாளர் சங்கத்தின் மாநாடு நடக்கும். உள்ளே கருத்தரங்கு ஓடிக்கொண்டிருக்கும், வேலை இல்லாதவர்கள் ஹோட்டல் லாபியில் பயோடேட்டாவோடு நின்றுகொண்டிருப்பார்கள். தலைமைப் பயிற்சியாளரை வேலையை விட்டுத் தூக்கினால் அவர் கூட்டி வந்தவர்களும் பெரும்பாலும் போக வேண்டியதுதான், புதியவர் தன் ஆட்களோடு வருவார். அதனால்தான் இவர்களில் பலருடைய வாழ்க்கைக் குறிப்பைப் பார்த்தால் இரண்டு வருடம் ஒரு ஊர், மூன்று வருடம் ஒரு ஊர் என்று பஸ் டைம்டேபிள் போல இருக்கும்.

கேள்வி: பெரிய ஆட்டக்காரராக இருந்தவர்தான் நல்ல பயிற்சியாளர் ஆக முடியும் என்று எங்கள் பி.டி. சார் சொல்கிறார். உண்மையா?
- ஒரு பி.காம். மாணவர், நாகர்கோவில்

பதில்: உங்கள் சாரிடம் மைக் லீச்சைப் பற்றிச் சொல்லுங்கள். கல்லூரி ஃபுட்பாலே ஆடாதவர். பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் ரக்பி ஆடினார், பிறகு பெப்பர்டைனில் சட்டம் படித்துப் பட்டம் வாங்கினார். வக்கீலாகப் போக வேண்டிய மனுஷன், போகவில்லை. சின்னக் கல்லூரிகளில் அற்பச் சம்பளத்துக்கு உதவி வேலை, 1989-ல் பின்லாந்து நாட்டுக்குப் போய் அங்கே ஒரு அணிக்குப் பயிற்சி, பிறகு ஐயோவா வெஸ்லியனில் ஹால் மம்மி என்பவருக்குக் கீழே உதவியாளர். அந்த இரண்டு பேரும் சேர்ந்துதான் பந்தை எறிந்துகொண்டே இருக்கும் ஒரு ஆட்ட முறையைச் செதுக்கினார்கள். ஏர் ரெய்டு என்று பெயர். இன்றைக்குப் பள்ளிக்கூட அணிகள் வரைக்கும் அதன் சாயல் இருக்கிறது. மம்மி வால்டோஸ்டாவுக்குப் போனால் லீச்சும் போனார், கென்டக்கிக்குப் போனால் அங்கேயும். 1999-ல் ஓக்லஹோமாவில் தாக்குதல் ஆட்டத்தின் பொறுப்பு, மறு வருடமே டெக்சாஸ் டெக்கில் தலைமைப் பயிற்சியாளர். 2022 டிசம்பரில் இறக்கும்போது மிசிசிப்பி ஸ்டேட் அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார்.

அதே டெக்சாஸ் டெக்கில் லிங்கன் ரைலி என்றொரு பையன், ஸ்காலர்ஷிப் இல்லாமல் தானே வந்து அணியில் சேர்ந்தவன். ஆட்டக்காரனாக உனக்கு இடமில்லை, என்னோடு மாணவ உதவியாளனாக இரு என்று லீச் சொல்லிவிட்டார். இருபது வயது தாண்டாத ஒரு பையனுக்கு அந்தப் பேச்சைக் கேட்க எப்படி இருந்திருக்கும்! ஆனால் இருந்தான். 2015-ல் நாட்டின் சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கான பிராய்ல்ஸ் விருது அந்தப் பையனுக்குத்தான். 2017-ல் ஓக்லஹோமாவின் தலைமைப் பயிற்சியாளர்.

உங்கள் சார் சொல்வதில் பாதி சரி என்றும் சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்கள் ஏதோ ஒரு கல்லூரியில் ஆடியவர்கள்தான். ஆனால் நட்சத்திரங்கள் குறைவு. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் அதிகம். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. காலில் தானாக வரும் ஒன்றை அடுத்தவனுக்குப் பிரித்துச் சொல்ல மேதைகளுக்குப் பல நேரம் வராது. தட்டுத்தடுமாறிக் கற்றவனுக்கு எந்தப் படியில் கால் இடறும் என்று தெரியும்.

கேள்வி: கிரிக்கெட்டில் பேட்டிங்குக்கு ஒருவர், பௌலிங்குக்கு ஒருவர் போதும். ஃபுட்பாலுக்கு மட்டும் எதற்கு இத்தனை உதவியாளர்கள்?
- குழித்துறை வாசகர்

பதில்: ஒரு கல்லூரி அணியில் நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். தாக்க ஒரு கூட்டம், தடுக்க வேறு கூட்டம், பந்தை உதைக்கும் சமயத்துக்கு இன்னொரு கூட்டம். ஒவ்வொன்றிலும் தனித்தனி வரிசை, வரிசைக்கு ஒரு கோச். மேல்தட்டு அணிகளுக்கு 9 உதவிப் பயிற்சியாளர் என்று இருந்த வரம்பை 2018-ல் 10 ஆக்கினார்கள். 2024-ல் அதையும் தளர்த்தி, அனலிஸ்ட் உள்பட மற்றப் பணியாளர்களும் களத்தில் இறங்கிச் சொல்லிக்கொடுக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். காசு இருக்கும் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டாட்டம்.

கேள்வி: நான் அரசு உதவி பெறும் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். பள்ளியிலிருந்து கல்லூரி அளவுக்கு யாராவது போயிருக்கிறார்களா, அங்கேயும் சரி, இங்கேயும் சரி?
- ஓர் ஆசிரியர், தக்கலை

பதில்: அங்கே கஸ் மல்சான் என்று ஒருவர். அர்கன்சாஸ் மாநிலத்தில் 2005 வரைக்கும் பள்ளிக்கூட கோச். 2006-ல் நேரே அர்கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் தாக்குதல் ஆட்டத்தின் கோஆர்டினேட்டர். பள்ளிக்கூட வாத்தியாருக்கு இவ்வளவு பெரிய பதவியா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. 2010-ல் ஆபர்ன் பல்கலைக்கழகம் தேசியப் பட்டம் வென்றபோது அங்கே கோஆர்டினேட்டர் இவர்தான், பிராய்ல்ஸ் விருதும் அந்த வருடம் அவருக்கே. அந்த வேகமான ஆட்டத்தை அவர் கண்டுபிடித்ததெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில். யாரும் கண்டுகொள்ளாத இடத்தில் பிழை செய்து பார்க்க வசதி இருக்கிறது பாருங்கள்.

இங்கே கதை வேறு. நம் கல்லூரிகளில் உதவிப் பயிற்சியாளர் என்ற நிரந்தர வேலையே பெரும்பாலும் கிடையாது. உடற்கல்வி இயக்குநர் ஒருவர் இருப்பார், அவரே கால்பந்து, அவரே கபடி, அவரே தடகளம், சுதந்திர தின அணிவகுப்பும் அவரே. பல்கலைக்கழகப் போட்டி நெருங்கும்போது வெளியிலிருந்து ஒருவரைத் தற்காலிகமாகக் கூப்பிட்டு மதிப்பூதியம் கொடுப்பார்கள். இயக்குநர் பதவிக்கு நீங்கள் வர வேண்டுமென்றால் பி.பி.எட். என்ற உடற்கல்வி இளநிலைப் பட்டம் போதாது, அதன் முதுகலையான எம்.பி.எட். முடித்து 55 சதவீதம் வைத்திருக்க வேண்டும், அதோடு நெட் அல்லது செட் என்ற கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு, இல்லையென்றால் பிஎச்.டி. உங்கள் கோப்பையும் சுழல்கேடயமும் அந்த விண்ணப்பத்தில் கடைசிப் பக்கத்துக்குத்தான் போகும். வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் நிலைமை இதுதான். எம்.பி.எட்.டைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்காமல் உடனே தொடங்குங்கள்.

கேள்வி: பயோடேட்டாவில் கொஞ்சம் கூட்டி எழுதினால்தான் இந்தக் காலத்தில் மதிப்பு. மாவட்ட அணி என்பதை மாநில அணி என்று போட்டால் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?
- பெயர் வேண்டாம் என்கிறார், கோட்டாறு

பதில்: பெயர் வேண்டாம் என்ற அளவுக்காவது விவரம் இருக்கிறதே! ஜார்ஜ் ஓ'லியரி கதையைக் கேளுங்கள். 2001 டிசம்பர், நோட்ரே டேம் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் பதவி. அமெரிக்கக் கத்தோலிக்கர் வீட்டுப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய நாற்காலி ஃபுட்பாலில் இல்லை. பதவிக்கு வந்த ஐந்தாம் நாளே ராஜினாமா. ஏன்? வாழ்க்கைக் குறிப்பில் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழக அணியில் ஆடி மூன்று வருடம் கௌரவம் பெற்றதாக இருந்தது, ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. முதுகலைப் பட்டம் என்று இருந்தது, அதுவும் இல்லை. உதவியாளராக இருந்த காலத்தில் எழுதிய பொய், வேலைக்கு வேலை அவரோடு கூடவே வந்து, யாரும் பார்க்காமலே இருந்து, உச்சியில் ஏறியதும் ஒரு செய்தித்தாள்காரர் சும்மா பழைய கூட்டாளிகளைக் கூப்பிட்டு விசாரித்தபோது உடைந்தது. கேலிக்கூத்து என்னவென்றால் அந்தப் பொய் அவருக்குத் தேவையே இல்லை, ஜார்ஜியா டெக்கில் நன்றாகவே ஜெயித்துக்கொண்டிருந்தவர். பிறகு வேறு அணிகளில் வேலை கிடைத்தது, 2004-லிருந்து பல வருடம் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளராகவும் இருந்தார். ஆனால் பெயரைச் சொன்னதும் மக்களுக்கு ஞாபகம் வருவது அந்த ஐந்து நாள்தான்.

கோட்டாறு அண்ணாச்சி, நம் மாவட்டத்தில் யார் எந்த அணியில் ஆடினார் என்பது டீக்கடை வரைக்கும் தெரியும். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் பந்துகளி இல்லாத சாயங்காலம் கிடையாது. நான் பத்தாம் வகுப்புதான், மாவட்ட அணியில் களித்திருக்கிறேன், ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறேன். கரையில் இருக்கும் நாளெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், அதில் சிலர் இப்போது கல்லூரி அணிகளில் இருக்கிறார்கள். எனக்குக் கல்லூரியில் கோச் ஆக வழி உண்டா?
- தூத்தூர் கடற்கரை வாசகர்

பதில்: இந்த இதழில் வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இது. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் இருக்கும் அந்த வரிசைக் கிராமங்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும். சாயங்காலம் நாலரை, ஐந்து மணிக்கு மணல் சேர்ந்த மைதானத்தில் கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் பழைய மீன்வலையைக் கட்டியிருப்பார்கள். பெரியவர்கள் ஆடுகிற வரைக்கும் எல்லைக்கோட்டுக்கு வெளியே பத்து வயசுப் பிள்ளைகள் வெறுங்காலோடு காத்திருப்பார்கள், பந்து வெளியே வந்தால் எடுத்துக் கொடுப்பதற்கே அடிபிடி. சுவரோரம் உட்கார்ந்திருக்கும் வயதான மனுஷன் ஒருவர், ஒருகாலத்தில் ரயில்வேக்கோ வங்கிக்கோ ஆடியவராக இருப்பார், "லே, பந்தைப் பாராதே, ஆளைப் பாரு" என்று ஒரு சத்தம் போடுவார். அந்த ஒரு சத்தத்தில் இருப்பது நாலு வருடப் பாடம். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி கால்பந்துக்கு ஆட்டக்காரர்களை அனுப்பிய கரை அது. அந்த மனுஷனிடம் காட்ட ஒரு காகிதம்கூட இருக்காது, அதுதான் பிரச்சினை.

உங்களுக்கு வருகிறேன். நிரந்தர வேலை, அதாவது உடற்கல்வி இயக்குநர், பட்டம் இல்லாமல் நடக்காது. பாட்டியாலாவில் இருக்கும் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோவுக்கும், அதுதான் என்.ஐ.எஸ். என்று சொல்வார்களே, அதற்கும் பட்டம் கேட்பார்கள். ஆனால் கால்பந்துக்குத் தனி ஏணி ஒன்று இருக்கிறது: அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் லைசென்ஸ். டி, அதற்கு மேல் சி, பி, ஏ, உச்சியில் புரோ. டி லைசென்ஸ் சில நாள் கோர்ஸ்தான், டிகிரி கேட்க மாட்டார்கள். களத்தில் நீங்கள் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று பார்ப்பார்கள், பாடத்திட்டம் எழுதச் சொல்வார்கள். எழுதுவதுதான் நம் ஆட்களுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆடிக் காட்டச் சொன்னால் விடிய விடியக் காட்டுவார்கள்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். மாவட்டக் கால்பந்து சங்கத்தில் இப்போதே சொல்லி வையுங்கள், அந்த இரண்டு மாதத்துக்குள் தமிழ்நாட்டிலோ கேரளத்திலோ டி கோர்ஸ் நடந்தால் உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்று. திருவனந்தபுரம் உங்களுக்கு நாகர்கோவிலைவிடத் தூரமில்லை. கூடவே இன்னொன்று செய்யுங்கள், இது அமெரிக்காக்காரர்களிடமிருந்து எடுக்க வேண்டியது. உங்களிடம் கற்று இன்று கல்லூரி அணியில் ஆடும் பிள்ளைகளின் பெயர், வருடம், கல்லூரி, ஆடிய போட்டி, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அங்கே ஒரு உதவி கோச் வேலைக்குப் பேசப் போனால் முதலில் கேட்பதே உன் கையால் வளர்ந்தவன் யார் என்றுதான். அந்த நோட்டோடும் டி லைசென்ஸோடும் பக்கத்துக் கல்லூரி உடற்கல்வி இயக்குநரைப் போய்ப் பாருங்கள். பல்கலைக்கழகப் போட்டி சமயத்துக்குத் தற்காலிகமாக வைத்துக்கொள்ள அவருக்குப் பெரும்பாலும் அதிகாரம் உண்டு, ஆளும் தேவை. சம்பளம் பெரிதாக இருக்காது, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்தில் ஒரு ராத்திரிக்குக் கிடைப்பதைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். ஆனால் கல்லூரி லெட்டர்பேடில் ஒரு அனுபவச் சான்று கிடைக்கும். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அப்புறம் தருகிறோம் என்றால் விடாதீர்கள். முடிந்தால் பன்னிரண்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதிவிடுங்கள், பின்னால் கதவுகள் திறக்கும்.

கேள்வி: பெண்கள் யாராவது அந்த வேலையில் இருக்கிறார்களா?
- ஒரு மாணவி, குளச்சல்

பதில்: இருக்கிறார்கள், கொஞ்சம் பேர்தான். டார்ட்மத் கல்லூரி 2018-ல் கேலி பிரவுன்சன் என்பவரை முழுநேரப் பணியில் சேர்த்தது, முதல்தரக் கல்லூரி ஃபுட்பாலில் முழுநேரப் பெண் கோச் என்று அவரைத்தான் முதலில் சொல்கிறார்கள். மறு வருடம் அதே கல்லூரிக்கு ஜெனிஃபர் கிங் வந்தார், அதற்கு முன்னால் கல்லூரிக் கூடைப்பந்து கோச். இரண்டு பேருமே பெண்கள் ஃபுட்பால் அணிகளில் ஆடியவர்கள். பிறகு இருவரும் தொழில்முறை அணிகளுக்குப் போனார்கள். நீங்கள் கால்பந்து ஆடுகிறவர் என்றால், இங்கே உங்களுக்கு வழி அவர்களைவிட எளிது. பெண்கள் அணிக்குப் பெண் பயிற்சியாளர் வேண்டும் என்ற தேவை கூடிக்கொண்டிருக்கிறது, லைசென்ஸ் வைத்திருக்கும் பெண்கள் மிகக் குறைவு.

கேள்வி: அங்கே மட்டும் சிபாரிசு, சொந்தக்காரன் எல்லாம் இல்லையா?
- தோவாளை வாசகர்

பதில்: இல்லாமலா! ஐயோவா பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளர் கிர்க் ஃபெரன்ட்ஸ், அவருக்குக் கீழே தாக்குதல் ஆட்டத்துக்குக் கோஆர்டினேட்டர் அவருடைய மகன் பிரையன். சொந்த மகனுக்குத் தகப்பன் மேலதிகாரியாக இருக்கக் கூடாது என்று விதி, அதனால் மகன் விளையாட்டுத் துறை இயக்குநருக்கு நேரடியாகப் பதில் சொல்வதாகக் காகிதத்தில் ஏற்பாடு. அணி புள்ளியே எடுக்கவில்லை, ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். 2023-ல் மகனின் ஒப்பந்தத்தைத் திருத்தி, ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி எடுக்க வேண்டும், சம்பளம் 8,50,000 டாலராகக் குறைப்பு என்று எழுதினார்கள். அந்த வருடம் ஒவ்வொரு வாரமும் நாடே உட்கார்ந்து சராசரியைக் கணக்குப் போட்டது. 25-க்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை, இந்த சீசனோடு மகனின் வேலை முடிந்தது என்று சீசன் பாதியிலேயே அறிவித்துவிட்டார்கள். நம்மூரில் மகனுக்கு வேலை போட்டுக்கொடுத்த எத்தனை பேரிடம் இப்படி ஒரு சராசரி எழுதி வாங்கியிருக்கிறோம்?

கேள்வி: கடைசி வரைக்கும் உதவியாளராகவே இருந்துவிட்டால் அது தோல்விதானே சார்?
- ஒரு வாசகர், அஞ்சுகிராமம்

பதில்: பட் ஃபாஸ்டர் என்பவர் வர்ஜீனியா டெக்கில் 1987-ல் சேர்ந்து 2019 சீசன் முடிந்து ஓய்வு பெறும் வரைக்கும் அங்கேயே இருந்தார். தலைமைப் பதவி ஒருநாளும் இல்லை. தடுப்பாட்டம் என்றால் அவர் பெயரைச் சொல்லும் அளவுக்கு வளர்ந்தார், 2006-ல் பிராய்ல்ஸ் விருதும் வந்தது. ஸ்டீவ் பெலிச்சிக் இன்னொருவர், 1956 முதல் 1989 வரை கடற்படை அகாடமியில் உதவியாளர், எதிரணியை வேவு பார்ப்பதில் கெட்டிக்காரர். தொழில்முறை அணியொன்றில் சாமான் பொறுப்பாளராகச் சேர்ந்து, ஆள் தேவைப்பட்டபோது சட்டை மாட்டிக்கொண்டு ஆட இறங்கியவர் அந்த மனுஷன். அவர் எதிரணி ஆட்டங்களின் படத்தைப் போட்டுப் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னப் பையன்தான் பிற்பாடு தொழில்முறை ஃபுட்பாலின் உச்சப் பட்டமான சூப்பர் பவுலை 6 தடவை வென்ற தலைமைப் பயிற்சியாளர் பில் பெலிச்சிக். தோல்வி என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

கேள்வி: அமெரிக்கப் பயிற்சி முறைக்கும் நமக்கும் ஏதாவது பழைய தொடர்பு உண்டா?
- ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், இரணியல்

பதில்: உங்களுக்கே தெரிந்திருக்கும், சொல்ல வைக்கிறீர்கள். சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920-ல் தொடங்கிய ஹாரி குரோ பக் ஒரு அமெரிக்கர், ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் படித்தவர். கூடைப்பந்து 1891-ல் பிறந்தது அந்தக் கல்லூரியில்தான். கல்லூரி ஃபுட்பாலின் பிதாமகர்களில் ஒருவரான அமோஸ் அலோன்சோ ஸ்டாக் அங்கேதான் தன் முதல் அணியைப் பழக்கினார், பிறகு 1892-ல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். நந்தனத்தில் பயிற்சி எடுத்து வந்த ஆசிரியர்கள் குமரி மாவட்டப் பள்ளிகளிலும் வேலை பார்த்திருக்கிறார்கள். அவர்களிடம் விசில் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் நம் நடுவில் இருக்கிறார்கள்.

கேள்வி: மார்த்தாண்டத்து அப்பா மட்டுமா, என் தம்பியும் அங்கே டேட்டா சயின்ஸ் படிக்கிறான். ஃபுட்பால் ஆடியதே இல்லை. அணிக்குள் நுழைய வாய்ப்பு இருக்கிறதா?
- ஒரு அக்கா, களியக்காவிளை

பதில்: கிராஜுவேட் அசிஸ்டென்ட் இடத்துக்கு முயற்சி செய்ய வேண்டாம், அதற்கு ஆடிய பிள்ளைகளே நூற்றுக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள். வீடியோ பிரிவு, அனலிட்டிக்ஸ், மாணவ மேலாளர், இந்த மூன்று கதவையும் தட்டச் சொல்லுங்கள். மாணவ விசாவில் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வளாகத்துக்குள் வேலை செய்யலாம், ஃபுட்பால்காரர்கள் அதற்குமேல் வேலை வாங்கப் பார்ப்பார்கள், அந்த இடத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் தனக்கு ஆட்டத்தின் மேல் எவ்வளவு ஆசை என்று எழுத வேண்டாம், அதை எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த அணியின் போன வருட ஆட்டங்களை எடுத்து, மூன்றாவது வாய்ப்பில் எத்தனை கெஜம் பாக்கி இருந்தபோது எறிந்தார்கள், எப்போது ஓடினார்கள் என்று ஒரே பக்கத்தில் அட்டவணை போட்டு இணைக்கச் சொல்லுங்கள். சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்குகிறது, அதனால் பிப்ரவரி, மார்ச்சிலேயே அனுப்பிவிட வேண்டும்.